புல்லுக்குப் போன சத்து புல்லுக்கே திரும்ப வேண்டும்: தீவனப் பயிருக்கு எரு இடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்களோடு பால் தொழிலில் இறங்குபவர்கள் முதலில் செய்யும் காரியம் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணையை (தண்டுத் துண்டை) வாங்கி நடுவதுதான். முதல் ஆண்டு புல் ஆளுயரத்துக்கு வளரும். இரண்டாம் ஆண்டு தூர் மெலியும், இலை வெளிறும். மூன்றாம் ஆண்டு 'இந்த மண்ணுக்கு ஒத்து வரவில்லை' என்று உழுதுவிடுவார்கள். மண்ணின் மேல் பழி போடுவது சுலபம். நம் செம்மண் மெல்லியது, அங்ககக் கரிமம் குறைந்தது என்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் புல் மெலிவதற்குக் காரணம், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காததே. கொட்டகையில் தினமும் விழும் சாணமும் கோமியமும் புல் எடுத்த சத்தின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அதைச் சேதமில்லாமல் சேர்த்து, மக்க வைத்து, உரிய நேரத்தில் வயலுக்குக் கொண்டுபோவது எப்படி என்பதைப் புதிதாகத் தொடங்குவோருக்காக எழுதுகிறேன்.

கணக்கு முதலில்

கேழ்வரகு ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ அறுவடையாகிறது. வேரும் தாள்கட்டையும் நிலத்திலேயே நிற்கும். கம்பு நேப்பியரை ஆண்டுக்கு ஏழு முறை அறுக்கிறோம், இலை தண்டு எல்லாவற்றையும் கட்டிக் கொண்டுபோகிறோம். ஒரு டன் பசும்புல்லில் ஏறத்தாழ 200 கிலோதான் உலர்பொருள், மீதி நீர். அந்த உலர்பொருளில் புரதம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், புரதத்தில் சுமார் 16 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) என்ற கணக்கில், ஒரு டன் புல்லோடு சுமார் இரண்டரை கிலோ தழைச்சத்து நிலத்தை விட்டுப் போகிறது. 10 சென்ட்டில் ஆண்டுக்கு 10 டன் புல் அறுத்தால் போவது 25 கிலோ தழைச்சத்து. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அதற்கு மேல்.

நன்றாக மக்கிய தொழுவுரத்தில் சராசரியாகத் தழைச்சத்து 0.5 சதவீதம், மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5. அதாவது ஒரு டன் எருவில் 5 கிலோ தழைச்சத்து. சாணம், கோமியம், படுக்கைக் கூளம் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்தால் ஒரு மாட்டிடமிருந்து ஆண்டுக்கு 5 டன்னுக்குக் குறையாமல் எரு கிடைக்கும். 5 டன்னில் 25 கிலோ. ஒரு மாட்டுக்குப் பசுந்தீவனம் கொடுக்கும் 10 சென்ட் நிலத்தின் இழப்பை அதே மாட்டின் எரு ஈடுகட்டுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. தொழுவுரத்தின் தழைச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும். மிச்சம் அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல வரும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆட்டெரு, கோழியெரு, புண்ணாக்கு என்று ஏதாவது ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். தொடர்ந்து இட்டு வந்தால் பழைய எருவின் மிச்சமும் புதிய எருவும் சேர்ந்து கணக்கு நேராகும். இரண்டாம் ஆண்டே நம்பிக்கை இழந்து விடுபவர்கள் பலனுக்கு முந்தைய படியில் விட்டுவிடுகிறார்கள்.

எந்த எரு எதற்கு

மாட்டெரு மெதுவாக வேலை செய்யும். மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சரளை கலந்த நம் செம்மண்ணுக்கு இந்தக் குணமே பெரிய வரம். பத்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கட்டும் வயலில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆட்டுப் புழுக்கை செறிவானது. தழைச்சத்து 3 சதவீதம் வரை, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆட்டு மந்தை வைத்திருப்பவர்களிடம் பேசி, நடவுக்கு முன் நிலத்தில் கிடை போட (இரவில் மந்தையை அடைத்து வைக்க) வைக்க முடிந்தால் தவறவிடாதீர்கள். புழுக்கையோடு சிறுநீரும் மண்ணிலேயே இறங்குகிறது. சுமைக்கூலி இல்லை. கிடை கலைந்த மறுநாளே ஏர் ஓட்டி மூட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

கோழியெருவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிகம், இரண்டும் ஏறத்தாழ 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். திறந்த வெளியில் கிடந்தால் ஒரே மாதத்தில் தழைச்சத்தில் பாதி போய்விடும். கறிக்கோழிப் பண்ணைகளின் ஆழ்கூள எரு (தரைக் கூளத்தோடு கலந்த கோழி எச்சம்) மலிவாகக் கிடைக்கிறது என்று லோடு லோடாக இறக்குபவர்களைப் பார்க்கிறேன். அது சூடான எரு. பச்சையாகப் போட்டால் தூர் கருகும். அதில் வேறு அபாயங்களும் உண்டு, கீழே சொல்கிறேன்.

ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் புழுக்கழிவும் மல்பெரித் தண்டும் மிஞ்சும். அவற்றையும் எருக்குழியில் சேர்க்கலாம். புழுவுக்கு நோய் வந்த பருவத்துக் கழிவானால் நன்றாக மக்கிய பிறகும் மல்பெரித் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் புல்லுக்கே இடுவது நல்லது.

முதல் படி: கொட்டகைத் தரை

பெரும்பாலான வழிகாட்டிகள் எருக்குழியில் தொடங்குகின்றன. இழப்பு தொடங்குவது கொட்டகைத் தரையில். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதிக்குக் கிட்ட சிறுநீரில் இருக்கிறது, சாம்பல்சத்தின் பெரும்பகுதியும் அதில்தான். சாணத்தை மட்டும் கூடையில் அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, கோமியத்தைச் சாக்கடையில் விடும் வீட்டில் பாதி உரம் தெருவுக்குப் போகிறது.

மண் தரையானால், மாட்டின் பின்கால் பக்கம் கூளம் பரப்புங்கள். மாடு தின்னாமல் ஒதுக்கிய சோளத்தட்டு அடி, கேழ்வரகுத் தாள், மாந்தோப்புச் சருகு, கடலைக் கொடிக் கழிவு எதுவானாலும் சரி. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று கிலோ போதும். காலையில் அது கோமியத்தை உறிஞ்சிக் கனத்திருக்கும். சாணத்தோடு சேர்த்து அள்ளிக் குழியில் போட வேண்டும். நீளமான தட்டை அப்படியே போட்டால் மக்காது, அரை அடித் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் தரையானால் சரிவும் வாய்க்காலும் அமைத்து, முடிவில் ஒரு சிறு தொட்டி கட்டுங்கள். தொட்டியை மூடி வைக்க வேண்டும். அதில் சேரும் கோமியத்தை அன்றன்று எருக்குழியின் மேல் ஊற்றிவிடலாம். கோடையில் குழி காய்ந்து போகாமல் இருக்கவும் இது உதவும்.

இரண்டாம் படி: குழி

வீட்டுக்குப் பின்னால் குப்பைமேடாகக் குவிப்பது நம் ஊர் வழக்கம். மேல்புறம் வெயிலில் காய்ந்து கருவாடாகும், மழையில் சத்து கரைந்து ஓடும், நடுவில் மட்டும் கொஞ்சம் மக்கும். குழி வெட்டுவது ஒரு நாள் வேலைதான்.

நீளம் 20 முதல் 25 அடி, அகலம் 5 முதல் 6 அடி, ஆழம் 3 அடி. இடம் மேடாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது. கிணறு, ஆழ்துளைக் கிணறு, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றை விட்டு நன்றாகத் தள்ளியும், அவற்றுக்குப் பள்ளத்துப் பக்கமாகவும் வெட்டுங்கள். நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரை நம்பியிருக்கும் மாவட்டங்கள் இவை. எரு கசிந்து நைட்ரேட்டும் சேர வேண்டாம். மரநிழல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள்.

குழி முழுவதும் ஒரே நேரத்தில் பரப்பிக்கொண்டு போகாதீர்கள். ஒரு முனையில் மூன்று அடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தினமும் அதிலேயே போடுங்கள். தரைக்கு மேல் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை உயர்ந்ததும் மேல்பகுதியைக் கவிழ்த்த சட்டிபோல் வளைவாக்கி, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுங்கள். பிறகு அடுத்த மூன்று அடி. முதல் பகுதி மெழுகிய நாளிலிருந்து நான்கு முதல் ஐந்து மாதத்தில் தயாராகும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளிப் பக்கம் மார்கழி, தை குளிரில் மக்குவது மந்தமாகும். ஒரு மாதம் கூடுதலாக விடுங்கள். முதல் குழி நிரம்பும்போது இரண்டாவது தயாராக இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து மாடுகள் உள்ள வீட்டுக்கு மூன்று குழிகள் போதும்.

அவசரமாக எரு வேண்டும் என்றால் குவியல் முறை. நான்கடி உயரத்துக்குக் குவித்து, கையால் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளிப்புறத்தை உட்புறமாகப் புரட்டுங்கள். உள்ளே 55, 60 டிகிரி சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் குடற்புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளும் பார்த்தீனிய விதைகளும் சாகின்றன. புரட்டாத குவியலின் ஓரத்தில் அவை உயிரோடு இருக்கும்.

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எருக்குழி காண்டாமிருக வண்டின் பிரசவ வீடு. கிளறும்போது வெள்ளையாக வளைந்து கிடக்கும் தடித்த புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்தால் புழுக்கள் நோய்ப்பட்டுச் சாகும். இதைச் செய்யாமல் எருவை வயலுக்குக் கொண்டுபோனால் புழுவையும் சேர்த்தே கொண்டுபோகிறீர்கள்.

மூன்றாம் படி: மக்கியதா என்று பார்ப்பது

கறுத்திருக்க வேண்டும். கையில் நொறுங்க வேண்டும். சாண வாடையோ மூக்கைக் குத்தும் அமோனியா நெடியோ இல்லாமல் மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். உள்ளே கை விட்டால் சூடு இருக்கக்கூடாது. ஐயம் இருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அந்த எருவை நிரப்பி, பத்துக் கம்பு விதை ஊன்றித் தண்ணீர் தெளியுங்கள். நான்கைந்து நாளில் எட்டு ஒன்பது முளைத்து இலை பச்சையாக நின்றால் எரு தயார். முளை கருகினால் இன்னும் சில வாரம் பொறுங்கள். அரைகுறையாக மக்கிய தட்டு செம்மண்ணில் கறையானை அழைக்கும், மக்குவதற்காக மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: நடவுக்கு முன்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம். ஏக்கருக்கு 10 டன், சென்ட்டுக்கு 100 கிலோ. 10 சென்ட்டுக்கு ஒரு டன். சென்ட் கணக்கில் நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தவர்கள் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் இதுபற்றி விசாரிக்கலாம்.

கடைசி உழவுக்கு முன் எருவைச் சிறு குவியல்களாகக் கொட்டி, அன்றே இறைத்து, அன்றே உழுது மூடுங்கள். குவியல்களை வாரக்கணக்கில் வயலில் காயவிடுவது எல்லா ஊரிலும் காணும் காட்சி. குவியல் இருந்த இடத்தில் மட்டும் பயிர் கருகருவென்று வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சத்து தேங்கியது, மற்ற இடத்துக்கு வர வேண்டியது காற்றிலும் மழையிலும் போனது.

பிறகு இரண்டடிக்கு ஒரு பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இரு கணுக் கரணைகளை ஊன்றுங்கள். எரு குறைவாக இருந்தால் வயல் முழுக்க இறைக்காமல் சாலில் மட்டும் இட்டு மண்ணோடு கலந்துவிடலாம். நீர்ப்பாசனம் உள்ளவர்கள் எப்போதும் நடலாம். கிணற்றில் தண்ணீர் ஐயம் என்றால் ஆடி மழையை ஒட்டி நடுங்கள்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும்

முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். அதன்பின் 45 நாளுக்கு ஒரு முறை. நடவின்போது இட்ட எருவில் உடனே கிடைக்கும் சத்து முதல் இரண்டு அறுப்போடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்: அடியுரம் இட்டாயிற்று, இனி தண்ணீர் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

அறுத்து மூன்று நான்கு நாளுக்குள், புதுத் தளிர் வெளியே வரும் முன், வரிசைகளுக்கு நடுவில் எருவை இடுங்கள். தூரின் மேல் கொட்ட வேண்டாம், வெட்டுவாய் அழுகும். மண்வெட்டியால் லேசாகக் கொத்தி மூடி, தூருக்கு மண் அணைத்து, அன்றே தண்ணீர் கட்டுங்கள். மாட்டின் ஆண்டு எரு 5 டன்னையும் புல்லுக்கே கொடுக்க முடிந்தால் 10 சென்ட்டுக்கு அறுப்பொன்றுக்கு 700 கிலோ வரும். முப்பத்தைந்து, நாற்பது கூடை. வீட்டில் ஆள் இல்லாதவர்கள் ஒன்றுவிட்டு ஒரு அறுப்புக்கு இரட்டிப்பாக இடலாம்.

கேழ்வரகுக் கொல்லைக்கும் எரு வேண்டும் என்பவர்கள் பாதியைப் புல்லுக்கு ஒதுக்கிவிட்டு, மீதித் தழைச்சத்தை, காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும் பயறுவகைத் தீவனமான வேலிமசாலிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். மூன்று வரிசை கம்பு நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் என்பது சோதித்துப் பார்த்த அளவு. தீவனத்தின் புரதமும் கூடும். என்னைக் கேட்டால், தனியாகப் புல் மட்டும் நடுவதைவிட இதுதான் சிறு விவசாயிக்குப் பொருத்தமானது.

மக்கிய கோழியெரு என்றால் தொழுவுர அளவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. தழைச்சத்துக் கணக்கில் அதுவே சமம்.

கொட்டகை கழுவிய தண்ணீர்

வாய்க்கால் வெட்டி நேராகப் புல்லுக்குத் திருப்புவது நல்ல பழக்கம். ஆனால் வாய்க்கால் முடியும் அதே நான்கு பாத்திக்கே ஆண்டு முழுக்கப் போனால் அங்கே உப்பும் தழைச்சத்தும் மிஞ்சும், கடைசிப் பாத்தி பட்டினி கிடக்கும். வாரத்துக்கு ஒரு பாத்தி என்று மடை மாற்றுங்கள். வெறும் கோமியத்தை ஊற்றுவதானால் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேர்ப்பகுதியில் விடுங்கள். சாண எரிவாயுக் கலன் உள்ளவர்களுக்கு அதிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல் இன்னும் சிறந்தது, நெடியும் களை விதையும் குறைவு.

மாட்டுக்கு ஆபத்து வரும் இடங்கள்

எரு இயற்கையானது, ஆகவே எவ்வளவு போட்டாலும் தீங்கில்லை என்ற எண்ணம் ஆபத்தானது. அளவு மிஞ்சிய எருவும் கோமியமும் விழுந்த வயலில் வறட்சி வந்தால், பயிர் உறிஞ்சிய தழைச்சத்து புரதமாக மாறாமல் நைட்ரேட்டாகத் தண்டின் அடியில் தேங்கும். அதைத் தின்ற மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாகி, இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். மூச்சு வாங்கும், தள்ளாடும், இரத்தம் காப்பி நிறத்துக்கு மாறும். நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்த முதல் வாரத்தில் இந்த அபாயம் கூடுதல். அப்போது ஒரு வாரம் பத்து நாள் கழித்து, தண்டின் அடிப்பகுதியை உயரமாக விட்டு அறுங்கள். உலர்த்தினால் நைட்ரேட் குறையாது. ஊறுகாய்ப்புல்லாக்கினால் (சைலேஜ்) ஓரளவு குறையும்.

சோளத்தில் இன்னொரு நஞ்சும் உண்டு. இளம் சோளப் பயிரிலும், வாடிய பயிரிலும், அறுத்த தூரிலிருந்து வரும் மறுதாம்புத் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கும். தழைச்சத்து மிகுந்தால் இதுவும் கூடும். பூக்கும் முன் சோளத்தை மாட்டுக்குப் போடாதீர்கள். கோ எஃப்.எஸ். 29 போன்ற பலமுறை அறுக்கும் தீவனச் சோளத்திலும் முதல் அறுப்புக்கு 65 நாள் காத்திருங்கள். இந்த நஞ்சு உலர்த்தினால் குறையும் என்பது நைட்ரேட்டுக்கு நேர்மாறான குணம். மாடு தின்ற சிறிது நேரத்தில் திணறிச் சாய்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும்.

கோழியெருவில் செத்த கோழிகள் கிடந்தால் அதை ஒருபோதும் தீவன வயலுக்குக் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் பொட்டுலிச நச்சு மாட்டின் தசைகளைச் செயலிழக்கச் செய்து படுக்க வைத்துவிடும். வாங்கும்போதே லோடை நான்கு இடத்தில் கிளறிப் பாருங்கள், சிறகோடு உடல் தென்பட்டால் திருப்பி அனுப்புங்கள்.

கருச்சிதைவான மாட்டின் நஞ்சுக்கொடியும், அது படுத்திருந்த கூளமும் எருக்குழிக்குப் போகக்கூடாது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள். கருச்சிதைவுக்குக் காரணமாகும் கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) மனிதருக்கும் தொற்றும்.

வெளியூரிலிருந்து எரு வாங்கும்போது எந்த மந்தையினுடையது, எத்தனை மாதம் மக்கியது என்று கேளுங்கள். ஆனி, ஆடியில் வயலில் பார்த்தீனியமோ சீமைக் கருவேலமோ புதிதாக முளைத்தால் அது பெரும்பாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எருவோடு வந்தது.

பயறுவகைத் தீவனமும் மானாவாரியும்

வேலிமசால், குதிரைமசால் ஆகியவை காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். இவற்றுக்கு நடவின்போது தொழுவுரம் போதும். அதன்பின் தேவைப்படுவது மணிச்சத்து. எருக்குழியில் அடுக்குக்கு அடுக்கு ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத்தூள்) தூவி வந்தால் அது எருவோடு சேர்ந்து பயிருக்கு எட்டும் நிலைக்கு மாறும். கோழியெருவையும் கோமியத்தையும் இவற்றுக்கு ஊற்றினால் களைதான் கொழுக்கும்.

மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் முயல்மசாலையும் மூன்றுக்கு ஒன்று என்று விதைப்பவர்கள், முதல் மழைக்குப் பின் ஈரம் இருக்கும்போது எருவை இட்டு உழவேண்டும். காய்ந்த மண்ணில் இட்ட எரு கோடைக் காற்றில் பறந்துவிடும். சாமை அறுத்த கொல்லையில் பையூர் 2 ரகக் கொள்ளு விதைத்தால் தனியாக எரு கேட்காது, அதன் பொட்டு மாட்டுக்கு ஆகும். அந்தக் கொல்லைக்கு வைத்திருந்த எருவைப் புல்லின் அடுத்த அறுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.